மணி கட்டிய மாடும் மண்சட்டி ஏந்திய மனிதரும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு நூலைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இந்த முறை ஒரு புழங்குபொருளை எடுத்துக்கொள்கிறோம். மாட்டின் கழுத்தில் கட்டும் வெண்கல மணிதான் அது. திண்டுக்கல் சமவெளியில், வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டை என எந்தப் பக்கம் போனாலும், ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த மணியின் ஒலி தெரியும். இளையவர்கள் அதை உணவு விடுதிகளின் சுவரிலும், பழம்பொருள் கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலும் பார்த்திருப்பார்கள். அங்கே ஒரு சீட்டு தொங்கும். பொருளின் பெயர், வயது, விலை இருக்கும். யார் செய்தது, யார் அதைக் கேட்டு வாழ்ந்தது, யாருக்கு அந்த உலோகம் மறுக்கப்பட்டது என்பதற்குச் சீட்டில் இடமில்லை. அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இந்த உரை.

1. வெண்கலம் என்றால் என்ன?

பித்தளையும் வெண்கலமும் ஒன்றல்ல. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். மணிக்குரிய வெண்கலத்தில் வெள்ளீயத்தின் பங்கு அதிகம். நூறு பங்கில் ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் என்பது உலகெங்கும் மணி வார்ப்போர் கைக்கொண்ட கணக்கு. இந்த அளவில் உலோகம் கெட்டியாகிறது. தட்டினால் ஒலி உடனே அடங்காமல் நீண்டு ஒலிக்கிறது. ஆனால் கெட்டியான அளவுக்கு எளிதில் உடையவும் செய்யும். கல்லில் ஓங்கி அடித்தால் பித்தளை நசுங்கும். வெண்கல மணியோ விரிசல் விடும். விரிசல் விட்ட மணியை மறுபடி உருக்கித்தான் வார்க்க வேண்டும்.

செம்பு உருக 1085 பாகை வெப்பம் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். இரண்டும் மணிக்குரிய அளவில் கலந்தால் 900 பாகையை ஒட்டி உருகி ஓடும். துருத்தியும் மரக்கரியும் இருந்தால் ஒரு சின்னப் பட்டறையால் எட்டக்கூடிய வெப்பம் இது. ஆகவே வெண்கல வார்ப்பு பெரிய ஆலைகளுக்கு முன்பே, மிகப் பழங்காலத்திலேயே நம் மண்ணில் வளர்ந்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வில் கிடைத்த வெண்கலப் பொருள்களில் எருமை, ஆடு, பறவை உருவங்களோடு கூடிய மூடிகள் இருந்தன. கால்நடையும் வெண்கலமும் சேர்ந்த உறவு அவ்வளவு பழையது.

சங்கப் பாடல்களிலும் அந்த ஒலி இருக்கிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியின் பாடல் ஒன்றில் மாலை வேளையில் தொலைவில் மணியோசை கேட்கிறது. அது ஊர் திரும்பும் பசுக்களின் மணியா, தலைவன் வரும் தேரின் மணியா என்பதுதான் கேள்வி. மாட்டு மணியையும் தேர் மணியையும் காதால் பிரித்தறிய முயலும் ஒரு சமூகம் அந்தப் பாடலுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த மாடுகளை ஓட்டி வந்தவரின் குரல் மட்டும் பாட்டில் இல்லை.

நீலகிரியின் தோடர்களிடம் எருமை மணி வழிபாட்டுப் பொருளாகவே இருந்தது. ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1906 இல் தோடர்களைப் பற்றி எழுதிய நூலில் அவர்களுடைய புனிதப் பால்மனைகளில் பாதுகாக்கப்பட்ட பழைய மணிகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். தோடர் மொழியிலும் அதன் பெயர் மணிதான்.

2. ஒரு மணி எப்படிப் பிறக்கிறது?

முதலில் மண். வண்டலைச் சலித்து, உமியும் சாணமும் சேர்த்துப் பிசைந்து, மணியின் உட்குழிவு எவ்வளவோ அந்த அளவில் ஒரு கரு பிடிக்கிறார்கள். அது காய்ந்ததும் அதன் மேல் மெழுகு பூசுகிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்த மெழுகு அது. மெழுகு எவ்வளவு கனமோ, மணியின் சுவரும் அவ்வளவு கனம். மேலே கயிறு கோக்கும் வளையம், இடுப்பில் ஓடும் வரிகள், விளிம்பு எல்லாவற்றையும் மெழுகிலேயே செய்துவிடுகிறார்கள். அதன் மேல் மெல்லிய மண், பிறகு தடித்த மண் என்று அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்கிறார்கள். உலோகம் ஊற்ற ஒரு வாய், காற்று வெளியேற ஒரு துளை. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் மணி. ஒரு அச்சில் ஒரே மணிதான். அச்சு உடையாமல் மணி வெளியே வராது.

சலங்கைக்கு இன்னொரு நுட்பம் உண்டு. உள்ளே உருளும் இரும்புக் குண்டைப் பிறகு போட முடியாது. அதைக் கருமண்ணுக்குள்ளேயே வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். வார்த்து முடித்தபின் வாய்க்கீறல் வழியாக மண்ணைக் குத்தி எடுத்தால் குண்டு விடுபட்டு உருளத் தொடங்கும். மணிக்கு நாக்கு வேறு. அது பெரும்பாலும் இரும்பு. உள்ளே ஒரு கொக்கியில் தொங்கும்.

ஒலியைத் தீர்மானிப்பவை அளவும் கனமும். ஒரே அளவுள்ள இரண்டு மணிகளில் தடித்தது கீச்சென்று ஒலிக்கும். மெல்லியது தாழ்ந்து ஒலிக்கும். விளிம்பை அரத்தால் ராவினால் ஒலி மாறும். காதுதான் இங்கே அளவுகோல்.

தமிழ்நாட்டில் வெண்கல, பித்தளை வார்ப்புக்குப் பெயர் பெற்ற ஊர்கள் பல. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலின் குத்துவிளக்கும், சுவாமிமலையின் சிலைகளும் எல்லோருக்கும் தெரியும். ஏரலிலும் நாமக்கல்லிலும் இன்றும் பெரிய கோயில் மணிகள் வார்க்கப்படுகின்றன. இவை கம்மாளரின், அவர்களிலும் குறிப்பாகக் கன்னாரின் தொழிலாக அறியப்பட்டவை. திண்டுக்கல்லின் பெயரோ பூட்டுக்கும் தோலுக்கும் உரியது. ஆனால் மாட்டுச் சந்தையும் திருவிழாவும் கூடும் இடமெல்லாம் கயிறு, சாட்டை, மூக்கணாங்கயிறு, கொம்புக் குப்பி, சலங்கை, மணி என்று கடை பரப்புவது இந்தச் சமவெளியின் நடைமுறை. இன்றும் மாட்டுப் பொங்கலுக்கு முன் அந்தக் கடைகளைப் பார்க்கலாம்.

3. பட்டறைக்குள் வராத கைகள்

மேலே சொன்னதை மறுபடி ஒருமுறை பார்ப்போம். வார்த்தவர் ஒருவர். ஆனால் அவர் கைக்கு வந்து சேர்ந்த பொருள்கள் எத்தனை பேருடைய உழைப்பு?

தேன்மெழுகு மலையில் தேனெடுப்போரின் உழைப்பு. நம் பழனி மலைத் தொடரிலும் சிறுமலையிலும் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தவர்கள். மரக்கரி, காட்டில் மூட்டம் போட்டவர்களின் உழைப்பு. சாணம், தொழுவம் கூட்டியவர்களின் உழைப்பு. உலையை ஊதிய துருத்தி தோலால் ஆனது. அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, காற்றுப் புகாமல் தைத்தவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். துருத்தி இல்லாமல் 900 பாகை இல்லை. அந்த வெப்பம் இல்லாமல் வெண்கலம் உருகாது.

மணி வார்த்து முடிந்தபின் அதைக் கழுத்தில் தொங்கவிடத் தோல்வார் வேண்டும். சலங்கைகளை வரிசையாகக் கோத்த கழுத்துப்பட்டை வேண்டும். திண்டுக்கல், கொங்குப் பகுதிகளில் அது அருந்ததியரின் வேலை. கமலை இறைக்கும் சாலுக்குத் தோல்வால் தைத்தவர்களும், செருப்புத் தைத்தவர்களும், மாட்டுக்கு மணிப்பட்டை தைத்தவர்களும் அவர்களே. வேளாண்மை முழுவதும் தோலால் கட்டப்பட்டிருந்த காலம் அது. நகரத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கியவர்களும் பெரும்பாலும் நம் மக்களே.

செத்த மாட்டின் தோல் தீட்டு. அந்தத் தோலில் தைத்த வார், உயிருள்ள மாட்டின் கழுத்தில் ஏறியதும் அலங்காரம். அதே தோலைப் பறையில் கட்டினால் தீட்டின் ஒலி. மணியைத் தாங்கினால் மங்கலத்தின் ஒலி. மாறியது தோல் அல்ல. அது யாருக்காக ஒலிக்கிறது என்பதே மாறியது. தீட்டு என்பது பொருளின் இயல்பு அல்ல, உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவரை வெளியே நிறுத்தும் ஏற்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வார்த்த கம்மாளரை எதிரியாக நிறுத்துவது நம் நோக்கமல்ல. கரூர்ப் பகுதிக் கம்மாளர்களுக்குச் சோழர் காலத்தில் அளிக்கப்பட்ட உரிமைகளைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். அனுமதி தர வேண்டியிருந்தது என்றால், அதுவரை அந்த உரிமை அவர்களுக்கு இல்லை என்பதுதானே பொருள்? கோயிலுக்குச் சிலையும் மணியும் செய்து கொடுத்தவர்கள் காலில் செருப்பு மாட்டவே அரசாணை தேவைப்பட்டிருக்கிறது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒருவர், ஒவ்வொருவர் காலடியிலும் ஒருவர். அந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில் துருத்தி தைத்தவர் நின்றார்.

4. மேய்ப்பவரின் காது

மணியின் ஒலியை முழுமையாக அறிந்தவர் அதை வாங்கியவர் அல்ல; மாடு மேய்த்தவர். மாடு மேயும்போது மணி ஒரு விதமாக ஒலிக்கும். நடக்கும்போது சீராக ஒலிக்கும். மிரண்டு ஓடினால் தாறுமாறாக. படுத்து அசைபோட்டால் எப்போதாவது ஒரு தட்டு. இருட்டிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத மாட்டைக் காதால் பார்ப்பதற்கான கருவி அது. மந்தையில் முன்னே போகும் மாட்டுக்கு மட்டும் பெரிய மணி கட்டுவார்கள். மற்றவை அந்த ஒலியைத் தொடரும். குஜராத்தின் கச்சுப் பகுதியில் நிரோணா, சூரா ஊர்களில் லோஹார் கைவினைஞர்கள் இரும்புத் தகட்டை மடித்து, செம்பு பூசிச் சூளையில் சுட்டு, மரநாக்குக் கட்டி மணி செய்கிறார்கள். அங்கே கால்நடை வளர்ப்போர் தம் மந்தைக்குரிய ஒலியைக் கேட்டுத் தேர்ந்து வாங்குவது வழக்கம். அது வார்ப்பு மணி அல்ல. ஆனால் கேட்பவரின் அறிவு அங்கே மதிக்கப்படுகிறது.

நம் பக்கத்தில் கேட்டவர் யார்? பண்ணையில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்ட சிறுவர்கள். கடனுக்கு ஈடாக மாடு மேய்க்கவும் ஆடு மேய்க்கவும் அனுப்பப்பட்ட குழந்தைகள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் (2000) கொங்குப் பகுதியில் அப்படி ஆடு மேய்த்த அருந்ததியச் சிறுவனின் வாழ்வைச் சொல்கிறது. படிக்காதவர்கள் படிக்க வேண்டும்.

மணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மாடு அடுத்தவர் வெள்ளாமையில் இறங்கினால் கொண்டித்தொழுவில் அடைப்பார்கள். 1871 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு அபராதம் வகுத்தது. அபராதம் முதலாளி கட்டுவார். அடி, மேய்த்த பிள்ளைக்கு விழும். மணியோசை தேய்ந்தால், திசை மாறினால், திண்ணையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்: பையன் தூங்கிவிட்டான். ஆக மணி கட்டியிருந்தது மாட்டின் கழுத்தில் என்றாலும், அது கண்காணித்தது மேய்த்தவனையும்தான்.

எல்லா மாட்டுக்கும் வெண்கலம் கிடைக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். மரத்தைக் குடைந்த மணி, தகரத்தை மடித்த மணி, ஓட்டை விழுந்த பாத்திரத்தை வெட்டிச் செய்த மணி என்று ஏழையின் மாட்டுக்கு ஏழை மணி இருந்தது. வாரத்துக்கு மாடு வளர்த்து, கன்றில் பாதி வாங்கிய சேரிக் குடும்பங்கள் கட்டியவை பெரும்பாலும் அவையே. பழம்பொருள் கடையில் அவற்றுக்கு இடமில்லை. மரம் உளுத்துப்போனது, தகரம் துருப்பிடித்துப் போனது. எஞ்சியிருப்பதை வைத்து மட்டும் வரலாறு எழுதினால் செல்வந்தரின் தொழுவம் மட்டுமே வரலாறாகும்.

5. யாருக்கு உலோகம் மறுக்கப்பட்டது?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதித்ததை நாம் அறிவோம். ஊருக்கு வெளியே குடியிருப்பு, உடைந்த பாத்திரத்தில் உணவு, பிணத்தின் துணியே உடை, இரும்பே அணிகலன். இங்கே உலோகமும் சாதி வாரியாகப் பிரிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இது ஏட்டில் மட்டும் இருந்ததில்லை. நமக்குப் பக்கத்திலேயே, இராமநாதபுரத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக்கூடாது. சட்டை போடக்கூடாது. குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது. அவர்கள் மிராசுதாரின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும். திருமணத்தில் மேளம் கூடாது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹட்டன், இந்தியாவில் சாதி குறித்த தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலை மணியோடு சேர்த்துப் படியுங்கள். மிராசுதாரின் மாட்டின் கழுத்தில் வெண்கலம் தொங்கலாம். அந்த மாட்டை மேய்க்கும் குழந்தையின் தாய் பித்தளைக் குடம் தூக்கக்கூடாது. மாட்டுக்கு உண்டு, மனிதருக்கு இல்லை. அம்பேத்கரும் இதே கதையை வடக்கிலிருந்து சொல்கிறார். 1935 நவம்பரில் அகமதாபாத் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் தலித் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டதை 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார்.

ஏன் இவ்வளவு ஆத்திரம் ஒரு குடத்தின் மேல்? தீட்டு என்று காரணம் சொல்வார்கள். தீட்டுக் கணக்கிலேயே பார்த்தால் அது பொருந்தவில்லை. அவர்களுடைய சாத்திரப்படி தீட்டுப்பட்ட உலோகத்தைச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கினால் சுத்தமாகிவிடும். மண்பாத்திரத்தைத்தான் உடைத்துப் போட வேண்டும். உண்மையான காரணம் பொருளாதாரம். மண்குடம் உடைந்தால் ஓடு. பித்தளைக் குடம் சேமிப்பு. பஞ்சத்தில் அடகு வைக்கலாம். மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம். நசுங்கினாலும் எடைக்குப் போகும். உலோகத்தைத் தடுப்பது சேமிப்பைத் தடுப்பது. சேமிப்பு இல்லாதவர் அடுத்த வேளைக்கு முதலாளியிடம்தான் நிற்க வேண்டும். பண்ணையார் தம் காளையின் கழுத்தில் தொங்கவிட்டது அழகு மட்டுமல்ல. அதுவும் ஒரு சேமிப்பு.

தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் இந்தத் தடையின் வாரிசுதான். ஒருவருக்கு ஒரு பாத்திரம், மற்றவருக்குக் கொட்டாங்குச்சி. பிறகு ஒருவருக்கு எவர்சில்வர், மற்றவருக்குக் காகிதக் குவளை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இல் வந்தது. 2015 இல் திருத்தப்பட்டபோது செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமணத்தில் குதிரையேறுவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. 1931 இன் பட்டியலுக்கு எதிராக வரி வரியாகப் பதில் எழுதியது போல அது இருக்கிறது.

6. ஒலித்து நியாயம் கேட்பதும் ஒலித்து விலகச் சொல்வதும்

பசுவும் மணியும் என்றதும் தமிழருக்கு மனுநீதிச் சோழன் நினைவு வரும். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்கிறது. சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் இந்தக் கதையைச் சொல்கின்றன. இலங்கையின் மகாவம்சம் எல்லாளன் மீது ஏற்றிச் சொல்கிறது. மாவட்டந்தோறும் மனு வாங்கும் முகாமுக்கு மனுநீதி நாள் என்று பெயர் வைத்திருக்கிறோம். கதையை நாம் வேறு கேள்வியோடு படிக்கலாம். பசு வாயில் வரை வந்து மணியடிக்க முடிந்தது. அந்தப் பசுவை மேய்த்தவருக்கு அதே தெருவில் நடக்க உரிமை இருந்ததா?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத் துறவி பாகியான் எழுதியிருக்கிறார்: சண்டாளர்கள் நகர வாயிலிலோ சந்தையிலோ நுழையும்போது ஒரு மரக்கட்டையைத் தட்டித் தாங்கள் வருவதை அறிவிக்க வேண்டும்; கேட்டவர்கள் விலகிக்கொள்வார்கள். மாட்டின் மணி, இங்கே இருக்கிறேன், தேடி வா என்கிறது. மனிதர் கையில் கொடுத்த கட்டை, இங்கே இருக்கிறேன், விலகிப் போ என்கிறது. இரண்டும் இருப்பை அறிவிக்கும் ஒலிதான். ஒன்று வெண்கலம், ஒன்று மரம்.

7. மணி மௌனமானது எப்படி?

1960களுக்குப் பின் மின்மோட்டார் வந்தது, கமலை போனது. டிராக்டர் வந்தது, ஏர் போனது. லாரி வந்தது, பருத்தியும் புகையிலையும் ஏற்றி இரவெல்லாம் சந்தைக்குப் போன வண்டி மாடுகள் போயின. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. கட்டிப்போட்டு வளர்க்கும் கலப்பினப் பசுவுக்கு மணி தேவையில்லை. அது எங்கும் போகப்போவதில்லை. தோல்வார் தைத்தவரின் வேலையும் அதே வேகத்தில் போனது. நைலான் கயிறு அந்த இடத்தைப் பிடித்தது. இந்த மாற்றத்தில் நாம் அழ வேண்டியது மணிக்காக அல்ல. மேய்ச்சலுக்குப் போன பிள்ளை பள்ளிக்குப் போனதும் இதே காலத்தில்தான். பழைய ஒலியை நினைத்து ஏங்குகிறவர்கள், அந்த ஒலிக்குக் கட்டுப்பட்டிருந்த குழந்தையை மறந்துவிடுகிறார்கள்.

தொழுவத்தில் கிடந்த மணிகள் எடைக்குப் போயின. பாத்திரக்கடையில் பழைய வெண்கலத்தைக் கொடுத்துப் புதுப் பாத்திரம் வாங்கினார்கள். அவை உருகி விளக்காயின, மீண்டும் மணியாயின. தப்பியவை காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. நூறாண்டு கடந்த பொருள் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொன்மைப் பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நியூசிலாந்தின் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு தமிழ் மணி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொலென்சோ என்ற பாதிரியார் அதைக் கண்டபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அது முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதன் மேல் பழைய தமிழ் எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. உடையவரின் பெயர் கடல் கடந்தும் நிலைத்துவிட்டது. அந்த எழுத்தை மெழுகில் செதுக்கியவரின் பெயர் அதில் இல்லை. துருத்தி தைத்தவரின் பெயர் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

8. நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், உறவினர் வீட்டில் பழைய மணி, சலங்கை, கழுத்துப்பட்டை இருந்தால் பதிவு செய்யுங்கள். கையில் எடுத்ததும் வளையத்தைப் பாருங்கள். கயிறு உரசித் தேய்ந்திருக்கிறதா? உட்புற விளிம்பைப் பாருங்கள். நாக்கு அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா? அந்தத் தேய்மானம் உண்மையான உழைப்பின் பதிவு. பழமை பூசிய புதுப்பொருளில் அது இருக்காது. சுவரின் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறதா, பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு இல்லையென்றால் மெழுகில் பிறந்த மணியாக இருக்கலாம். எடை, உயரம், வாயகலம் குறியுங்கள். ஒலியைக் கைபேசியில் பதியுங்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். அந்த மாட்டை மேய்த்தவரைத் தேடுங்கள். அவருக்கு அந்த மணியைக் கேட்கக் கொடுங்கள். ஒலியின் வேறுபாடுகளுக்கு அவர் என்ன சொற்கள் வைத்திருந்தார் என்று எழுதுங்கள். வார் தைத்த குடும்பம் எது, அந்த வேலைக்குக் கூலி தானியமா காசா, களத்தில் எந்த வரிசையில் நின்று வாங்கினார்கள் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் என்ன பாத்திரம் இருந்தது, முதல் பித்தளைக் குடம் எப்போது வந்தது, வந்தபோது ஊர் என்ன சொன்னது என்று கேளுங்கள். முதல் உலோகக் குடத்தின் கதை பல குடும்பங்களில் முதல் பட்டதாரியின் கதைக்குச் சமமானது. அதைச் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து இருக்க மாட்டார்கள்.

செயற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அரசு அருங்காட்சியகங்களிலும் கல்லூரிக் காட்சிக்கூடங்களிலும் வேளாண் பொருள்கள் வைக்கப்படும்போது, உலோகத்தின் பெயருக்குக் கீழே உழைத்தவர்களின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்று கோருவோம். மணிக்குப் பக்கத்தில் தோல்வாரும் துருத்தியும் மரமணியும் தகர மணியும் வைக்கப்பட வேண்டும். ஒரு மண்குடமும், 1931 இன் தடைப் பட்டியலும் அதே பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த மணி எதை அறிவித்தது, எதை மறைத்தது என்று விளங்கும்.